குப்பைக்கிடங்கில் அறுபத்தொரு வீடுகள்

மார்ச் 4, செவ்வாய்

சாலையை அகலப்படுத்த இடிக்கப்போகும் வீடுகளுக்கான இழப்பீட்டுப் பட்டியலை இன்று ஒட்டினார்கள். எண்கள் நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் போட்டவை. எத்தனை அறை, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், குப்பைக்கிடங்கு எவ்வளவு தூரம், அக்கம்பக்கத்தில் என்ன விலை – எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடும். மேலாளர் கைகுலுக்கினார்.

சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். "எதிர்வீட்டுக்குப் போட்டதுல பாதிகூட எனக்குப் போடலைடா. ரெண்டையும் ஒரே மேஸ்திரிதான் கட்டினார். என் வீட்டுல மட்டும் என்ன, பேயா இருக்கு?"

"கணக்கு ஆள் பார்த்துப் போடாதுக்கா" என்றேன். பட்டென்று வைத்துவிட்டாள்.

மார்ச் 6, வியாழன்

கணக்கைத் திறந்து பார்த்தேன். அக்கா வீட்டிலிருந்து குப்பைக்கிடங்குக்குத் தூரம்: பூஜ்யம் மீட்டர். பூஜ்யம்! நடந்தால் இருபது நிமிஷம் ஆகும். எந்த மடையன் பதிவு செய்தது இது?

பதிவுப் பிரிவுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கிருந்த அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தம்பி, முகவரியை டைப் அடிக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுது. மேப்புல புள்ளி குத்துறது உங்க புரோகிராம்."

மார்ச் 7, வெள்ளி

நான்தான் அந்த மடையன்.

மேப்பில் அகப்படாத முகவரியை வட்டாரத்தின் நடுப்புள்ளியில் வை – இரண்டு வருஷத்துக்கு முன், அவசரத்தில், நானே எழுதிய ஒரு வரி. அந்த நடுப்புள்ளி போய் விழுவது குப்பைக்கிடங்கில். கதவு எண் ஒழுங்காக இல்லாத சந்து வீடுகள் அறுபத்தொன்று அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. பக்கத்து விலையும் கணக்கில் சேர்வதால் ஒன்றை ஒன்று இன்னும் கீழே இழுக்கின்றன.

சராசரிப் பிழை ஆறே சதவீதம் என்று மார்தட்டினேனே! நாலாயிரம் வீட்டுச் சராசரியில் அறுபத்தொன்று எங்கே தெரியப்போகிறது?

மார்ச் 10, திங்கள்

மேலாளரிடம் சொன்னேன். "ஒட்டின பட்டியலை எப்படிப்பா கிழிக்கிறது? உங்க அக்கா வீட்டை மட்டும் சத்தமில்லாம சரிபண்ணிடு."

"மத்த அறுபது?"

"அவங்க யாரும் கேக்கலையே."

கேட்கவில்லையாம்! எதைக் கேட்பார்கள்? ஆட்சேபணைப் படிவத்தில், 'கணக்கீட்டில் பிழை எங்கே என்பதை ஆதாரத்துடன் காட்டவும்' என்று இருக்கிறது. புரோகிராம் எழுதிய எனக்கே இரண்டு நாள் பிடித்தது. சந்தில் இருப்பவர் எங்கே போய்த் தேடுவார்? அலுவலகத் திமிர். வேறென்ன?

மார்ச் 11, செவ்வாய்

மேலாளர் சொன்னதை அக்காவிடம் சொல்லவில்லை. சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மார்ச் 15, சனி

போனை வைத்துக்கொண்டு அந்த அறுபத்தொரு வீட்டிலும் வாசல் வாசலாக நின்று இருப்பிடம் குறித்தேன். ஒரு தையல்காரர், "அளக்க வந்தீங்களா, இடிக்க வந்தீங்களா?" என்றார். திருத்த வந்தேன் என்றேன். "மூஞ்சியப் பார்த்தா இடிக்க வந்தவர் மாதிரிதான் இருக்கு." சந்தே சிரித்தது.

மேலாளர் சொன்னதை அக்காவிடம் கடைசியில் சொல்லிவிட்டேன். "லூசு! என்னோடதை வாங்கி வச்சுக்கிட்டு மத்தவங்களுக்குச் சண்டை போட்டிருக்கலாமேடா!" திட்டிக்கொண்டே படிவங்களில் பெயர் எழுத உட்கார்ந்தாள். அறுபத்தொரு மனு. ஒவ்வொன்றிலும் ஆதாரம் என்ற இடத்தில், பிழையைச் செய்தவன் என்று என் கையெழுத்து.

மார்ச் 18, செவ்வாய்

மேலாளர் கத்தினார். நானும் கத்தினேன். நாளையிலிருந்து நான் பதிவுப் பிரிவில்.

ஏப்ரல் 2, புதன்

புதுப் பட்டியல் வந்தது. ஐம்பத்தெட்டு வீடுகளுக்கு எண் மாறியிருக்கிறது, அக்காவுடையதும் சேர்த்து. மூன்று பேர் மனுவுக்கு முன்பே பழைய எண்ணுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். அதைத் திறக்க முடியாதாம்.

அந்த மூவரில் ஒருவர் தையல்காரர். நேரில் போனேன். ஏன் கையெழுத்துப் போட்டார், ஏன் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டுவிட்டேன்.

மெஷினை நிறுத்தவில்லை அவர். "கம்ப்யூட்டர் போட்ட கணக்குன்னாங்க தம்பி. சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டேன்."