வீங்கிய இடது முழங்கால்

1994 ஆகஸ்ட் 9, செவ்வாய். கோவை.

இன்று கூடைப்பந்துப் பயிற்சியில் கோச் சாரை ஏமாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்கு எகிறி இறங்கும்போது மடங்கியது இடது முழங்கால். சாரின் கண் அந்தக் காலுக்குப் போகக் கூடாதென்று முழங்கால் பட்டையை வலது காலில் போட்டுக்கொண்டு போனேன். சார் குனிந்து வலது முழங்காலைத்தான் அழுத்திப் பார்த்தார்.

"வலிக்குதா அம்மணி?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் எதுக்குப் பட்டை, ஷோக்குக்கா? நாளைக்கு மேட்ச் முழுக்க நீதான் ஆடோணும்."

அறைக்கு வந்ததும், கூடத் தங்கியிருக்கும் மல்லிகா வீக்கத்தைப் பார்த்துவிட்டாள். நான் ஆடாவிட்டால் என் இடத்தில் இறங்குபவள் அவள்தான்.

"ஏம்புள்ள, கால் மாத்திப் போட்டுட்டுப் போனியா? இதோட ஆடுனா ஒரேடியாப் போயிரும். சார்கிட்டச் சொல்லிப்போடு."

எனக்காகச் சொல்கிறாளா, அவளுக்காகச் சொல்கிறாளா, தெரியவில்லை. இருவருமே விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்கள். இந்த சீசன் முழுக்க ஆடினால்தான் அடுத்த மாதம் ஆபீசில் நிரந்தரம் செய்வார்கள். எங்கள் ஊர் கோபியில் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க ஊட்டுல மொத டிகிரிங்க, கவர்மெண்டு வேலைங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் என்னவென்று சொல்வேன்? ஆடாவிட்டால் வேலை போகும். ஆடிக் கால் போனாலும் வேலை போகும்.

மல்லிகா தூங்கிவிட்டாள். இதை எழுதி முடித்ததும் ஒரே ஒரு தடவை இடது காலை ஊன்றி எகிறிப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். இறங்கும்போது மடங்கினால் காலையில் சாரிடம் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் பேனாவை மூடாமல் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.