பாதி சாக வழியில்லை

மச்சான்,

இன்று காலை மல்வேர்னில் அந்த ஜிம்முக்குள் நுழைந்ததும் உன் படம் போட்ட பனர்தான் முகத்தில் அடித்தது. வொலிபோல் ஜேர்சியோடு நீ. தலைக்குப் பின்னால் சாமிப் படத்தில் வருவதுபோல ஒளிவட்டம். உன் நினைவாக எங்கள் வொலிபோல் கிளப் நடத்தும் முதல் போட்டி. எனக்கு விசர் வந்தது. நீ கண்டிருந்தால் சிரித்திருப்பாய்.

யூனிவெர்சிற்றியில் நான் எஞ்சினியரிங்கோடு மல்லுக்கட்ட, நீ கிரேக்கப் புராணத்தை ஒரு பாடமாக எடுத்தாய். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே கதை. "தாய் தெய்வம், தகப்பன் மனுசன் எண்டா, பிள்ளை எவ்வளவு பெரிய வீரனெண்டாலும் செத்துத்தான் ஆகோணும்."

"உது என்ன கணக்கு? பாதிதானே சாகோணும்?"

"பாதி சாக வழியில்லையடா, விசரா."

அந்த வீரர்களையும் அங்கே கும்பிட்டார்களாம். ஆனால் செத்த பிறகு, புதைத்த இடத்தில். தெய்வங்களுக்கு என்றால் பலியின் புகை வானத்துக்குப் போகும். இவர்களுக்கு இரத்தத்தை மண்ணுக்குள் ஊற்றுவார்கள். "கும்பிட்டாலும் கடவுளெண்டு நினைச்சிடக் கூடாதெல்லோ" என்றாய். எனக்குக் கொட்டாவி வந்தது.

அப்போதுதான் உனக்கு 'ஹீரோ' என்று பட்டம் வைத்தேன். நக்கலுக்கு. கிளப் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது.

போன கோடையில், இறுதிப் போட்டியின் கடைசி செற்றுக்கு முன் என் காதுக்குள் சொன்னாய்: "நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு மச்சான். நான் வெளியில இருக்கட்டே?"

"ஹீரோவுக்கு என்ன நெஞ்சுநோ? இறங்கடா."

இறங்கினாய். வென்றோம். அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்த நீ எழும்பவில்லை. பிறவியிலேயே இதயத்தில் குறையாம், எப்போதென்றாலும் நடந்திருக்கலாமாம். எனக்கு அது ஒரு பதிலாகப் படவில்லை.

இன்று மைக்கில் கிளப் தலைவர் அண்ணை, "நோகுதெண்டு ஒரு சொல் சொல்லாத தெய்வப்பிறவி" என்றார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். "பொய். அவன் வெளியில இருக்கக் கேட்டவன். நான்தான் விடேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். உன்னைத் திரும்ப மனிதனாக்கிவிட்டதாக நினைப்பு.

வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்தார். ஏசட்டும் என்று நின்றேன்.

"அப்ப அவனுக்கு நோ தெரிஞ்சதோ, தம்பி? ஒண்டும் தெரியாம நித்திரையிலயே போனவன் எண்டெல்லோ எனக்குச் சொன்னவை."

"ஓம் அன்ரி. தெரிஞ்சது."

அவரிடம் மிச்சமிருந்த ஆறுதல் அது ஒன்றுதான். அதையும் நான்தான் எடுத்தேன். "சாப்பிட்டிட்டுப் போ" என்றார்.

அந்தச் சொல் இன்னும் தொண்டையால் இறங்கவில்லை, மச்சான்.