பேராவூரணிக்கு அடுத்து நாகூர்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே அனல் காற்று. தென்னை மட்டை விழுந்து கொல்லைப்பக்க ஓடு உடைந்துவிட்டது. ஆள் சொல்ல வேண்டும்.

ஆறரை பஸ். ஜன்னலோரம் கிடைத்தது. பட்டுக்கோட்டை வரை தூக்கம். அதற்கப்புறம் என் வேலை: வீட்டுக்காரர் போனை எடுத்து, காதில் ஒயரை மாட்டி, நேற்று சாயங்காலம் வந்த ரேடியோ நிகழ்ச்சியை மறுபடி கேட்டு, கருத்து எழுதுவது. ஒரத்தநாடு தாண்டுவதற்குள் அனுப்பிவிட்டால் நிம்மதி. தஞ்சாவூரில் பத்திர எழுத்தர் ஆபீஸில் டைப்படிக்க உட்கார்ந்துவிட்டால் தலை நிமிர முடியாது.

பஸ் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவர் சட்டம். தேங்காய் மண்டிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ரேடியோவுக்குக் கார்டு எழுதுவார். கோழி கிளறின மாதிரி இருக்கும். எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இப்போது அதே வேலை எனக்கு.

இன்று அனுப்பியது: "மூன்றாவதாக ஒலித்த பாடல் நெஞ்சைத் தொட்டது. பேராவூரணி முத்துக்குமரன்." அவருக்கு எந்தப் பாட்டானாலும் நெஞ்சைத் தொடும். மாற்றி எழுதினால் சந்தேகம் வருமோ என்று நானும் அதையே எழுதுகிறேன்.

போன புரட்டாசியில் அவர் இறந்துவிட்டார். ரேடியோக்காரர்களுக்குத் தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே ப.கோட்டை. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று பின்னால் இரண்டு பேர் பேச்சு. "வந்து என்னாங்க, எங்க வாய்க்கா இன்னும் தூரே வாரல." உட்கார இடம் கிடைத்ததும் இதை எழுதுகிறேன்.

ஏமாற்ற வேண்டும் என்று ஆரம்பித்ததில்லை. கருமாதி முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, பழக்கத்தில் ரேடியோவைப் போட்டேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே அனுப்பி வைத்திருந்த கருத்து ஒன்று அன்றைக்குத்தான் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து நிகழ்ச்சி நடத்துகிற அந்தம்மா எப்போதும் போல ஊரையும் பேரையும் சேர்த்து வாசித்தார். "பேராவூரணி முத்துக்குமரன், நாகூர் ஜெய்லானி, திருவிடைமருதூர் மங்கையர்க்கரசி..." அந்த வரிசை மாறவே மாறாது. உயிரோடு இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற குரல். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மறுவாரமும் கேட்க வேண்டும் போலிருந்தது. எழுதி அனுப்பினேன். வந்தது. அதற்கடுத்த வாரமும்.

மதியம் அவர் போனில், ரேடியோ நேயர் குழுவில் செய்தி. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் நேயர் மாநாடு. கல்யாண மண்டபம், காலை பத்து மணி. "இந்த ஆண்டு ஒரு வாரம்கூடத் தவறாமல் எழுதிய பேராவூரணி முத்துக்குமரன் அவர்களுக்குச் சிறந்த நேயர் விருது. பொன்னாடை போர்த்தி..."

உயிரோடு இருந்தவரை அந்த மனுஷன் ஒரு வருஷம்கூட முழுசாக எழுதினதில்லை. தேங்காய் வெட்டு வந்தால் ரேடியோவையே மறந்துவிடுவார்.

ஜூலை 10, வியாழன்

வாங்க வேண்டியது: ரசம்பொடி, ஊறவைக்கத் தட்டப்பயறு, டார்ச் பேட்டரி. ஓட்டுக்காரர் நாளைக்கு என்கிறார். அவருக்குத் தினமும் நாளைதான்.

குழுவில் வாழ்த்து மேல் வாழ்த்து. நாகூர் ஜெய்லானி குரல் பதிவே போட்டிருக்கிறார். பாத்திரக்கடைக்காரர் போலிருக்கிறது, பின்னால் பாத்திரச் சத்தம். "அண்ணே, கண்டிப்பா வந்துருங்க. உங்க மூஞ்சியப் பாக்கத்தான் நான் வர்றேன். உங்க பேரு வந்தா அடுத்தது நம்ம பேருன்னு கடையில எல்லாரையும் சும்மா இருங்கடான்னுவேன்." மூன்று தடவை கேட்டேன். என்ன பதில் போடுவது? இரண்டு கை கூப்பின படம் அனுப்பினேன்.

பிரபு சென்னையிலிருந்து போன். "அப்பா நம்பரக் கட் பண்ணிடலாம்மா. ஏன் சும்மா ரீசார்ஜ் பண்றீங்க?" ஓடிபி வரும், பேங்க் என்றேன். "அதெல்லாம் உங்க நம்பருக்கு மாத்தியாச்சும்மா." அப்படியா என்றேன். எனக்குத் தெரியும்.

நாத்தனாருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. சாயங்காலம் வந்தார். "ஞாயித்துக்கெழம எங்கயோ போறியாமே?" ஆபீஸ் வேலை என்றேன். "பாத்துக்க. தம்பிக்கு இன்னும் வருசம் திரும்பல. விசேஷம் கிசேஷம்னு போயிடாத." எனக்கு வந்த கோபத்தில் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே குடித்துவிட்டுப் போனார். பாவம், தம்பி என்றால் அவருக்கு உயிர்.

ஜூலை 12, சனி

அரை நாள் ஆபீஸ். ஒரு கிரயப் பத்திரம், ஒரு தானசெட்டில்மெண்ட். "லேட் கோவிந்தசாமி மனைவி" என்று டைப்படித்தேன். லேட் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. ஊரார் பேருக்கு முன்னால் கூசாமல் போடுகிறேன்.

திரும்பும் பஸ்ஸில் யோசனை. போகாமல் இருந்துவிடலாம். காய்ச்சல் என்று ஒரு செய்தி. விருதைத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். பேர் அடுத்த வாரமும் வரும், அதற்கடுத்த வாரமும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியும். இப்போது அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்கு அப்பா. நாத்தனாருக்குத் தம்பி. மண்டியில் "பாவம், நல்ல மனுஷன்". நான் என்றைக்குமே சொன்னதில்லை. என் அம்மா அப்பா பேரைச் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. பேங்கில், ஆஸ்பத்திரியில் கேட்டால் எழுதிக் காட்டுவேன், இல்லாவிட்டால் பிரபுவைச் சொல்லச் சொல்வேன். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். சொல்லாமலே குறைந்துவிட்டது.

ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை அந்தம்மா வாயால் கேட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும்.

ஆனால் அந்த நாகூர்க்காரர் மூஞ்சியைப் பார்க்கத்தான் வருகிறாராம்.

சாம்பல் கலர் காட்டன் புடவை. இஸ்திரி போட்டாயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. ஏழு மணி பஸ். ஞாயிறு என்பதால் காலி. இன்றைக்கு எழுதக் கருத்து எதுவும் இல்லை, திங்கட்கிழமையே அனுப்பியாயிற்று. மாநாட்டுக்காக இன்று நிகழ்ச்சியும் கிடையாது. வெறுமனே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் குறுவை நடவு. அவர் பார்த்தால் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார்.

மண்டப வாசலில் பன்னீர், கல்கண்டு, ஸ்பீக்கர் செட். ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. எல்லாரும் சட்டையில் குத்தின அட்டையைப் படித்துவிட்டுத்தான் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். "ஆகா, மன்னார்குடி நீங்கதானா! நான் இன்னும் ஒல்லியா நெனச்சேன்." ஊர்தான் பேர். எனக்கே சிரிப்பு வந்தது.

வரவேற்பு மேஜையில் கண்ணாடி போட்ட அம்மா. அட்டையில் திருவிடைமருதூர் மங்கையர்க்கரசி. ரிட்டயர்டு டீச்சராம். ஊர் கேட்டார். பேராவூரணி என்றதும் எழுந்தேவிட்டார். "சார் வரலியா?" வரவில்லை என்றேன். "அடடா. வேலையா?" தலையை ஆட்டினேன். முத்துக்குமரன் என்று எழுதின அட்டையை என் கையில் கொடுத்தார். குத்திக்கொள்ளவில்லை. கைக்குட்டைக்குள் வைத்தேன்.

ஜெய்லானி அவரே தேடிக்கொண்டு வந்தார். வெள்ளைத் தாடி, குள்ளம், கையில் இனிப்புப் பெட்டி. "அண்ணி, சலாம். அண்ணனுக்குத் தம்ரூட் கொண்டாந்தேன். எங்க நிக்கிறாக?" பின்னால் ஆண்கள் பக்கமெல்லாம் கண்ணால் துழாவுகிறார். "அப்புறம் சொல்றேங்க" என்றேன். "சரி சரி, மேடையில பாத்துக்கிறேன்" என்று பெட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் சூடாக இருந்தது போல ஒரு நினைப்பு. நாகூரிலிருந்து எப்படிச் சூடாக வரும்.

உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியில் கைப்பையைப் போட்டு இடம் பிடித்தேன். யாருக்கு?

பாட்டு, பேச்சு, அந்தம்மாவின் வாழ்த்துப் பதிவு. பிறகு விருது. மங்கையர்க்கரசி மைக்கில்: "சிறந்த நேயர், பேராவூரணி முத்துக்குமரன்! அவர் சார்பில் அவருடைய துணைவியார். பொன்னாடை போர்த்துபவர் நாகூர் ஜெய்லானி." ஒரே கைதட்டல். போனேன். ஜெய்லானி பொன்னாடையை விரித்துக்கொண்டு என் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"அண்ணன் எங்க அண்ணி?"

மெல்லத்தான் கேட்டார். மைக்கில் விழவில்லை. அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அந்தப் பொன்னாடை என் தோளில் விழுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. மைக்கைப் பிடித்தேன். எங்க வீட்டுக்காரங்க என்று ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒருத்தர், "யாரும்மா? பேரச் சொல்லுங்க, ஊரோட!" அங்கே எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், அது மாநாட்டு வழக்கம்.

"பேராவூரணி முத்துக்குமரன்," என்றேன். "அவங்க இல்லை. போன புரட்டாசியிலயே தவறிட்டாங்க. இத்தனை நாளா எழுதுனது நான்."

என் குரல் ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. அந்தப் பேரை என் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவையாவது கூப்பிட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? மேடையிலேயே அழுதேன். வெட்கமாக இல்லை.

முன்வரிசையில் ஒருத்தர் கோபமாக, "அப்ப தீபாவளிக்கு எனக்கு வாழ்த்து போட்டது யாரு?" மங்கையர்க்கரசி அவரை உட்காரச் சொன்னார். அவர் கோபமும் நியாயம்தான்.

ஜெய்லானி பொன்னாடையைப் போர்த்தவில்லை. வாய்க்குள் ஓதிக்கொண்டே அதை மடித்தார். நுனிக்கு நுனி சேர்த்து, கடைத்துணி மடிக்கிற மாதிரி ஒழுங்காக. என் கையில் வைத்தார். "இனிமே எனக்கு முன்னாடி யாரும்மா?" என்றார். அண்ணி என்று சொல்லவில்லை, தங்கச்சி என்றும் சொல்லவில்லை. தாடி நனைந்திருந்தது.

சாப்பிடாமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் தம்ரூட் பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஆறரை பஸ். நின்றுகொண்டே. போன் பையில்தான். எடுக்கவில்லை. குழுவில் அனுதாபச் செய்திகள் வந்திருக்கும். மங்கையர்க்கரசி டீச்சர் என் நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். "அந்தம்மாவுக்குத் தகவல் அனுப்பிட்டேன். நீங்க உங்க பேர்ல எழுதுங்களேன். நல்லா எழுதுறீங்க." எனக்குப் பாட்டும் தெரியாது ஒன்றும் தெரியாது டீச்சர் என்றேன். அது உண்மை.

ஒரத்தநாடு போகும்வரை கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரவு நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். தம்ரூட்டை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "ரேடியோல தம்பி பேரு வந்துச்சா? இவ்வளவு நாளா? எனக்கு ஏண்டி சொல்லல?" என்று அழுதார். அதை நான் யோசிக்கவே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

பகலெல்லாம் புழுக்கம். ஓட்டுக்காரர் வந்து மாற்றிவிட்டார். துணி துவைத்தேன். பிரபுவுக்கு போன்: நம்பரைக் கட் பண்ணிவிடு என்றேன். "சரிம்மா" என்றான்.

சாயங்காலம் நாத்தனாரும் வந்து உட்கார்ந்தார். ரேடியோ. ஆரம்பத்திலேயே அந்தம்மா சொன்னார், நம் அன்பு நேயர் ஒருவர் மறைந்த செய்தி என்று. பேரைச் சொன்னார், ஊரோடு. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு பாட்டு. பிறகு கருத்து எழுதியவர்கள். காத்திருந்தேன். தெரிந்துதான் காத்திருந்தேன்.

"நாகூர் ஜெய்லானி..."

அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டார். முன்னால் மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லை. நான் அவசர அவசரமாக, சத்தமாக, பேராவூரணி முத்துக்குமரன் என்றேன். அதற்குள் திருவிடைமருதூர் போய், மன்னார்குடி போய், அடுத்த பாட்டைப் போட்டுவிட்டார்கள்.