இறால் ஓட்டுக் கரி

2012 ஜூலை 2, திங்கள்
காலையிலேயே வெயில். பஸ்ஸில் முதலில் பரங்கிப்பேட்டை, அப்புறம் சிதம்பரத்தில் ஆய்வகம். பரங்கிப்பேட்டையில் இறால் உரிக்கும் கொட்டகையில் கமலா அக்கா இரண்டு பை ஓடு எடுத்து வைத்திருந்தார்.
"நாய் கூட தொடாது டீச்சர். இத வச்சி என்னா பண்றீங்க?"
(பள்ளி வேலையை விட்டு ஆராய்ச்சிக்கு வந்து இரண்டு வருடம். இன்னும் டீச்சர்தான்.)
சுட்டுக் கரியாக்கி, புகையில் இருக்கும் கரியமிலவாயுவை அதில் பிடிக்கப் போகிறேன் என்றேன்.
"புடிச்சி?"
பதில் நீளம். பஸ் வந்துவிட்டது. கண்டக்டர்: "எறா நாத்தம் யாரும்மா? பின்னாடி போங்க." போனேன்.

ஜூலை 5, வியாழன்
கரண்ட் கட் 9–12. உலை மதியம்தான். போன மாத அளவீட்டைக் கருத்தரங்கில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம். நூறு பங்கு கரி இருபது பங்கு வாயுவைப் பிடிக்கிறது என்று எழுதியிருந்தோம். கைடு சார் சிரித்தார். அபூர்வம். வீட்டுக்காரர் சேவியருக்குப் போன் செய்தேன். செம்மண்டலத்தில் வீடு சேர்வதற்குள் கோயிலில் ஃபாதர் வரை தெரிந்திருந்தது.
வாங்க வேண்டியவை: சோப்பு, மகள் மெர்சிக்கு ஜியோமெட்ரி பாக்ஸ், கையுறை.

ஜூலை 10, செவ்வாய்
தூறல். ஒப்பிட்டுப் பார்க்க, கரியமிலவாயு இல்லாமல் வெறும் நைட்ரஜனைக் கரிமேல் விட்டேன். எடை ஏறக்கூடாது.
ஏறியது.
மறுபடி. ஏறியது.
குழாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாயு ஓடுவது கண்ணுக்குத் தெரியட்டும் என்று நடுவில் ஒரு தண்ணீர்ப் புட்டி. குமிழி விட்டு, ஈரத்தோடு கரிக்குப் போயிருக்கிறது. கரி பிடித்ததில் பாதிக்கு மேல் தண்ணீர். புட்டியை வைத்தது நான். வேறு யாருமில்லை.
சாப்பிடவில்லை.

ஜூலை 11, புதன்
காலையில் சேவியரிடம் சொன்னேன். "யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "ஒனக்குத் தெரியும்ல. போய் சொல்லிடு. கோயில்ல நான் பாத்துக்கறேன்."
சாரிடம் நோட்டைக் காட்டிச் சொன்னேன்.
"பேசாம வாபஸ் வாங்கிடலாம். காரணம்லாம் எழுத வேணாம்."
"பத்து நாள் குடுங்க சார். திரும்ப அளக்கறேன்."
"கம்மியா வந்தா?"
"வந்தத எழுதறேன்."
 

ஜூலை 17, செவ்வாய்
ஒரு வாரமாக எழுத நேரமில்லை. புட்டி இப்போது கரிக்குப் பின்னால். முன்னால் ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல். நைட்ரஜன் விட்டால் எடை அசையவில்லை. அப்பாடா.
புதுக் கரி வேண்டும். இறால் ஓட்டை ஆசிட்டில் போட்டுச் சுண்ணாம்பு நீக்கி, கழுவி, காயவைத்து, உலை. கரண்ட் போய் இரண்டு தடவை வீண். இனி முதல் பஸ். மெர்சிக்குத் தலை பின்னுவது சேவியர். கோணல் வகிடு. மணிக்கட்டில் ஆசிட் பட்டது, சின்னதுதான்.

ஜூலை 20, வெள்ளி
எட்டு. எட்டு. ஏழே முக்கால். நூறு பங்கு கரிக்கு.
சூடாக்கினால் வாயுவை விட்டுவிடுகிறது, ஆறினால் திரும்பப் பிடிக்கிறது. ஐந்து முறை பார்த்துவிட்டேன். சார் நோட்டைப் புரட்டினார். "சின்னதுதான். ஆனா நிக்குது."
கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தைப் புதிதாக எழுதினேன். முன்பு இருபது என்று அனுப்பியது தவறு, ஈரம் கலந்த அளவு என்று ஒரு வரியும். சார் சிவப்புப் பேனாவோடு படித்தார். இரண்டு எழுத்துப் பிழை திருத்தினார். அந்த வரியை அடிக்கவில்லை.