அக்காவின் தண்டவாளம், என் தூண்கள்

மார்ச் 3, செவ்வாய்

ரோலர் கோஸ்டரின் இரண்டாவது மேட்டுக்குக் கீழே பதினெட்டுத் தூண் வைத்து முடித்தேன். மூன்று மாலை போயிற்று. இந்தக் கணினி விளையாட்டே தானாகத் தூண் வைத்துக் கொடுக்கும். அந்த வசதியை முதல் நாளே அணைத்துவிட்டேன். அது வைப்பது தூணா? குச்சி. பகல் முழுக்க லிஃப்ட் பழுது பார்க்கிறவன் நான். எது எதன்மேல் நிற்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. குழாய்த் துண்டுகளை அடுக்கி, குறுக்குச் சட்டம் கொடுத்து, அடியில் கான்கிரீட் கட்டை வைத்து ஒவ்வொன்றாக நானே எழுப்புகிறேன்.

தண்டவாளம் போடுவது அக்கா. அவள் மகன் வெளிநாடு போகும்போது எங்கள் இருவர் கணினியிலும் இந்தத் தீம் பார்க் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு வருஷமாகிறது. அவள் ரோலர் கோஸ்டருக்குப் பாதை போட்டு வெள்ளிக்கிழமை அந்தக் கணினிக் கோப்பை எனக்கு அனுப்புவாள். நான் தூண் வைத்துத் திருப்பி அனுப்புவேன். எங்களுக்குள் ஒரே சட்டம்தான்: தூண் நின்ற இடத்தில் பாதை வரக் கூடாது.

அவள் பஸ் ஓட்டுகிறவள். வளைவு நெளிவெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "தூணாண்டி, தாங்குமாடா?" என்று எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி ஒவ்வொரு முறையும் கேட்பாள். இந்த விளையாட்டில் தூணே இல்லாவிட்டாலும் ரயில் அந்தரத்தில் ஓடும் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பாள்.

மார்ச் 13, வெள்ளி

கோப்பு வந்தது. திறந்து பார்த்தேன். புது வளைவு என் நான்கு தூண்களுக்குள் புகுந்து போகிறது! ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தால் தடுக்கும் விதியை அணைத்துத்தான் வைத்திருக்கிறோம், இல்லையென்றால் நெருக்கமாகத் தூண் வைக்க முடியாது. அதற்காக?

போன் செய்தேன். "என் தூணுக்குள்ள பாதை போட்டிருக்கியே, பாத்தியா?"

"எங்கடா? நல்லாத்தானே இருக்கு."

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

சிரித்தாள். நான்கையும் பிடுங்கி வேறு இடத்தில் நட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

மறுபடியும். இந்தத் தடவை ஒன்பது.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "அங்க ஒண்ணுமே இல்லியேடா" என்கிறாள். ஒண்ணுமே இல்லியாம்! உசுரக் குடுத்து ஒரு மாசமா வச்சது ஒண்ணுமே இல்லியாம்!

"இனிமே பாதையும் நீயே போட்டுக்க, தூணும் நீயே வச்சுக்க" என்றேன்.

"விளையாட்டுக்கு இவ்ளோ வீம்பாடா?"

வைத்துவிட்டேன் போனை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நான் செய்வது எதுவும் அவள் கண்ணில் படாது.

ஏப்ரல் 3, வெள்ளி

கோப்பு வரவில்லை. நானும் கேட்கவில்லை. "ஒரு போன் பண்ணா உங்க கிரீடம் இறங்கிடுமா?" என்கிறாள் மனைவி. இறங்கும்.

ஏப்ரல் 11, சனி

மனைவி போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தாள். டிப்போவில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்களாம். ஒரே மாதத்தில் இரண்டு தடவை பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைக் கம்பத்தில் இடித்திருக்கிறாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் ஓட்டிய எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. முழங்கைக்கு மேலே கன்றிப்போயும் இருக்கிறதாம். கதவில் இடித்துக்கொண்டாளாம்.

"வயசாகுதுல்ல" என்றேன்.

உள்ளுக்குள் 'நல்லா வேணும்' என்று ஒரு நினைப்பு ஓடியது. என் குறிப்பேட்டில் நானே பொய் எழுதக் கூடாது. ஓடியது.

ஏப்ரல் 19, ஞாயிறு

மதியம். இதை எழுதிவிட்டு டிப்போவுக்குக் கிளம்புகிறேன். அவள் போன் எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்துவிட்டேன்.

என் தூண் ஒன்றுகூட அந்தப் பார்க்கில் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றுதான் திறந்தேன். திறந்ததும் பார்க்கின் வாசலிலிருந்து பார்ப்பதுபோல் காட்சி வரும். நான் அங்கே நிற்பதே இல்லை, நேரே தண்டவாளத்துக்கு அடியில் போய்விடுவேன். அக்கா வாசலை விட்டு நகரவே மாட்டாள். சுற்றிப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று, எல்லாவற்றையும் அங்கிருந்தே போடுவாள். இன்று மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கும்வரை திரை வாசலிலேயே நின்றது.

வலப்பக்கம் ஒரு தூணிலும் பாதை இடிக்கவில்லை. இடித்ததெல்லாம் இடப்பக்கம். இப்போது இடிக்கிற ஒன்பதும், முன்பு பிடுங்கி நட்ட நான்கும். பதிமூன்றும் இடப்பக்கம். போன மாதம் அவள் வைத்த மரம், பெஞ்சு, விளக்குக் கம்பம் எல்லாம் வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் வெறும் புல்.

என்னைச் சீண்டுவதற்காக இல்லை. அவளுக்குத் தெரியவில்லை.

"எந்தப் பக்கக் கண்ணாடி இடிச்சுதாம்?" என்று கத்தினேன்.

"இடது பக்கம்தான். ஏங்க?"

"அடிபட்ட கை?"

அதுவும் இடது. இன்று அவளுக்கு டியூட்டி. இந்த நிமிஷம் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

அதே நாள், சாயங்காலம்

டிப்போ மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் வரும்வரை காத்திருந்து அவளிடமே சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு நடை பாக்கி இருக்கிறது என்றார்கள். காத்திருக்க முடியவில்லை. விளையாட்டு, தூண், வாசல் என்று நான் உளறியதைக் கேட்டுச் சிரித்து வெளியே அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடி இடித்ததற்கான எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

அடுத்த நிறுத்தத்திலேயே அவளை இறக்கி, வேறு ஓட்டுநரை ஏற்றி அனுப்பினார்கள். சீருடையோடு வந்து நின்றாள்.

"என்னடா சொன்ன இவர்கிட்ட?"

அவளுக்கு இடப்பக்கமாகக் கையை நீட்டினேன். "நேரா பாருக்கா. எத்தன விரல்?"

"எத்தன விரலா? கையே எங்கடா இருக்கு?"



ஏப்ரல் 22, புதன்

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணில் கோளாறே இல்லையாம். பின்மண்டையில், பொடனிக்கு மேலே, வலது பக்கம் ஒரு கட்டி. அதனால் இரண்டு கண்ணிலும் இடது பாதி போய்விட்டது. "அவங்களுக்கு இருட்டாத் தெரியாது. அங்க ஏதோ கொறையுதுன்னே தோணாது" என்றார் டாக்டர். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். மார்ச் பதிமூன்று அல்லது அதற்கு முன்னால். கோப்பில் தேதி இருக்கிறது.

கண்ணு பொடனியிலயா இருக்குன்னு கேட்டேனே பாவி. அஞ்சு வாரம். தெனம் எத்தன பேரை ஏத்திக்கிட்டுப் போயிருப்பா. நான் இங்க கிரீடத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அக்கா என்னோடு பேசவில்லை. மனைவியிடம் சொன்னாளாம்: "மொதல்ல என்கிட்டதான சொல்லியிருக்கணும்? பாசஞ்சர் முன்னாடி திருடிய இறக்குற மாதிரி இறக்குனாங்க."

சரிதான்.

மே 6, புதன்

ஆபரேஷன் ஏழு மணி நேரம். முழுசாக எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லை.

ஜூன் 13, சனி

பார்வைச் சோதனை. ஓரத்தில் கொஞ்சம் வந்திருக்கிறது, மற்றது வராது. இனி வண்டி ஓட்டக் கூடாது.

"சின்ன வண்டிகூடவா?" என்று கேட்டாள். சின்ன வண்டியும்தான் என்றார் டாக்டர். சோதனை முடிவுக் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். என்னைப் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்காமலா, நான் நின்ற பக்கம் தெரியாமலா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பார்க்கைத் திறந்து, ஒன்பது தூண்களையும் பிடுங்கி, பாதைக்கு இடம் விட்டு நட்டேன். அவள் பாதையைத் தொடவில்லை.

ஜூலை 11, சனி

டிப்போவில் சீருடையையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்கும் நாள். மனைவிக்குக் காய்ச்சல், அதனால் துணைக்கு நான். பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். இறங்கியதும் ஓரடி முன்னாலேயே நடந்தாள்.

டிப்போ எதிர்ப்பக்கம். இருபத்தேழு வருஷமாக அந்தக் கேட்டிலிருந்து இதே சாலைக்குத்தான் வண்டியைத் திருப்பியிருக்கிறாள். ஓரத்தில் நின்று கழுத்தை இடப்பக்கம் நன்றாகத் திருப்பிப் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். மறுபடி இடப்பக்கம் திரும்புவதற்குள், அந்தப் பக்கமிருந்து தப்பான திசையில் வந்த ஒரு மோட்டார் சைக்கிள் உரசுகிற மாதிரி போனது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கையைப் பிடிக்கலாமா என்று எனக்குத் தயக்கம். உதறிவிட்டால்?

"இந்தப் பக்கம் வாடா" என்றாள்.

எண்பத்து மூன்று நாள் ஆயிற்று அவள் என்னோடு பேசி. அவளுக்கு இடது பக்கம் போய் நின்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கிற மாதிரி.

"டிப்போல நீ பண்ணது எனக்கு இன்னும் ஆறல."

"தெரியும்க்கா."

முன்னால் பார்த்தபடியே நின்றாள். கழுத்தைத் திருப்பவில்லை.

"ஏதாச்சும் வருதா?"

"வரலக்கா."

"சரி, நட."

நடந்தோம்.