மடங்குவதற்கு முன்னால்

12.2.1987, வியாழன்.

ஓடைப்பட்டியின் திராட்சைச் சக்கரவர்த்தியான நான் இன்று ஒரு கிருமியிடம் தோற்றேன். அறுபது பெட்டிக்கும் மூடி போட்டு ஆணி அடித்த பிறகுதான், எதிலும் ஊர்ப்பெயர் எழுதவில்லை என்பது தெரிந்தது. எது கொச்சிக்கு, எது மதுரைக்கு என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

மதுரையில் பாக்டீரியா ஆராய்ச்சி செய்யும் தங்கச்சி மகள் செல்வி சிரித்தாள். "பாக்டீரியாகூட இப்படிச் செய்யாது மாமா. புரதம் உருவாகும்போதே போற இடம் அதோட முன்நுனியில எழுதியிருக்கும். நுனி வெளிய வந்ததுமே, அதுக்குன்னே காத்திருக்கிற இன்னொரு புரதம் பிடிச்சு, செல்லோட சவ்வுக்குக் கொண்டு போயிரும். முழுசா முடிஞ்சு மடங்கிருச்சுன்னா சவ்வுக்குள்ள நுழையாது."

"அந்த மேஸ்திரியை எனக்குக் குடு ஆத்தா, உலகத்துக்கே திராட்சை அனுப்புறேன்" என்றேன்.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "அப்பா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் குடுக்கப் போறாக. அப்புறம் என் ஆராய்ச்சி அம்புட்டுத்தான். நீங்க அப்பாகிட்ட பேசுறேன்னு சொல்லி மூணு வாரமாச்சு மாமா."

புலியை முறைத்தே விரட்டிய நான், அவள் அப்பாவான என் மச்சானின் மூக்குக்கண்ணாடிக்குப் பயப்படுகிறேன். அவர் முடிவு இன்னும் முழுசாக மடங்கவில்லை. மடங்கிவிட்டால் ஆயிரம் யானை இழுத்தாலும் பிரியாது.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் உத்தமபாளையத்துக்கு, மச்சான் வீட்டுக்குப் போகிறேன். மனுஷன் சவரம் பண்ணிக்கொண்டிருப்பார். பாதி முகம் சோப்பில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட வேண்டும்.