உனக்கும் ஓர் இழை

காரைக்குடி,
4.12.2025

அன்புள்ள மகள் சாலாவுக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும். இந்த முதியோர் இல்லத்தில் வியாழன்தோறும் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பொழுதுபோக்கு நடத்தும் சௌபர்ணிகா, டிசம்பர் பிறந்ததும் காகித நட்சத்திரம் ஒட்ட வைத்தாள். மூலை சேராத பத்து நட்சத்திரங்களை நான் பிரித்துக் கொடுத்தேன். “பரீட்சைத் தாளா திருத்துறீக ஆச்சி? இங்குட்டு வச்சுட்டுப் போங்க” என்கிறாள். நான் பாடம் நடத்திய கான்வென்டில் இதையெல்லாம் குப்பையில் போட்டிருப்பார்கள்.

இந்த வருஷம் நம் நகரத்தார் பிள்ளையார் நோன்பும் கிறிஸ்துமஸ் அன்றே. அதை நடத்தும் பொறுப்பு என்னுடையது. இன்று கோடித் துணியிலிருந்து முதல் இழை எடுத்தேன். நாளுக்கொன்றாக எடுக்கும் இருபத்தோரு இழையையும் நோன்பன்று திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றதும் பாதிப் பேர் பயந்துவிட்டார்கள்.

உனக்கும் இழை எடுக்கிறேன். வந்து என் கையால் வாங்கிக்கொள்.

ஆத்தா

கோயம்புத்தூர்,
9.12.2025

அன்புள்ள ஆத்தா,

பத்தொன்பது வருஷம் கழித்து உங்கள் கையெழுத்து. ஓர் அடித்தல் இல்லை, என் கணவர் பெயரும் இல்லை.

கல்யாணமான வருஷம் நோன்பன்று நம் வீட்டு வரிசையில் நின்று அவரும் கை நீட்டினார். நம்மவர் இல்லை என்று அவரைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தீர்கள். நீட்டிய கையை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அவரைக் கூப்பிடாத இடத்துக்கு நான் எப்படி வர?

சாலா

காரைக்குடி,
13.12.2025

அன்புள்ள சாலா,

மூன்று தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீரபாண்டியனும் வர வேண்டும். முதல் இழை அவருக்குத்தான். பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம் என்று கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சுடரோடு வாங்க அவருக்குப் பயமாயிருந்தால் முதலில் உதட்டை ஈரப்படுத்திக்கொள்ளச் சொல். சுடாது.

அன்று நான் செய்தது தவறு.

ஆத்தா

கோயம்புத்தூர்,
18.12.2025

ஆத்தாவுக்கு,

அவர் ஆடி மாதமே போய்விட்டார். மாரடைப்பு. வள்ளியப்பன் அண்ணனிடம் உங்களுக்குச் சொல்லச் சொன்னேன். எங்கள் வீட்டுச் செய்தி எதுவும் உங்கள் காதுக்கு வரக்கூடாது என்பது உங்கள் உத்தரவாம். அண்ணன் மீறவில்லை.

போன கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாம். அவர் பெயரை நீங்களாக எழுதுகிறீர்களா என்று பார்க்க ஆசைப்பட்டேன். எழுதிவிட்டீர்கள். அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன்.

துக்க வருஷத்தில் நான் இழை எடுக்கக் கூடாது. முறை உங்களுக்குத் தெரியும். இனி எழுத வேண்டாம்.

சாலா

காரைக்குடி,
26.12.2025

என் சாலா,

வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

நேற்று நோன்பு நடந்தது. நான் கூடத்துக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் துக்கம் என்று சௌபர்ணிகாவிடம் சொன்னேன். “யாரு ஆச்சி?” என்றாள். மாப்பிள்ளை என்றேன். “ஐயையோ, எப்ப போனாக?” என்று கேட்டாள். ஆடி மாதம் என்று சொல்ல வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன் அப்பச்சி போனபோது என் இரண்டு பக்கமும் நாத்தனார்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாள் என் கையை விடவில்லை. உனக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? அதை மட்டும் எழுது.

ஆத்தா